மோசஸ் சுட்ட கடைசி ஸ்டேக்

மாலை நான்கு மணிக்குத் திருப்புட்குழியைத் தாண்டிக் காஞ்சிபுரம் நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர். முதுகுக்குப் பின்னால், நெடுஞ்சாலை ஓரத்தில், பதினோரு வாரம் நான் தட்டு கழுவிய இத்தாலிய ஸ்டேக் கடையை அன்று மதியம் மூடிவிட்டார்கள்.

சுவரெல்லாம் கால்பந்துச் சட்டைகள் மாட்டிய கடை. வேகும் பதத்தையும் ஆட்டக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் ‘ஹாஃப் டைம்’, முழுக்க வெந்தால் ‘ஃபுல் டைம்’. தட்டு 950 ரூபாய். இரண்டு விரல் கனத்தில் மாட்டிறைச்சி, உப்பு, மிளகு, காய்ந்த இரும்புக் கம்பியடுப்பில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். ஐந்து நிமிடம் ஆறவிட்டு ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும். மசாலா கிடையாது.

ஹாஃப் டைம்தான் சரி என்பார் சமையற்காரர் மோசஸ். வந்தவர்களோ ஃபுல் டைமையும் திருப்பி அனுப்பி, “எக்ஸ்ட்ரா டைம் போடுப்பா” என்பார்கள். புரட்டாசியில் அவர்களும் வரவில்லை.

கடைசித் துண்டை மோசஸ் தன் மனைவிக்காக வைத்திருந்தார். மூன்று வருடத்தில் அவர் சுட்டதை ஸ்டெல்லா ஒருமுறையும் சாப்பிட்டதில்லை. இரண்டு மணிக்கு வந்தவரை நடு மேசையில் உட்காரவைத்து, ஹாஃப் டைமில் சுட்டுக் கொண்டுவந்தார். ஸ்டெல்லா கத்தியை வைத்ததும் தட்டில் சிவப்பு நீர் பரவியது.

“இன்னாய்யா, ரத்தமா கீது?”

“அதான் பதம். ஒரு வாய் துண்ணு பாரு.”

“மூணு வருசமா இதையா செஞ்சிக்கினு இருந்த? போய் வேகவெச்சி எட்தா.”

அதற்குள் கடையைக் காலி செய்ய வந்தவர்கள் அடுப்பின் கேஸ் சிலிண்டரைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

“சரி வுடு, ஊட்ல கொழம்புல போட்டுக்கறேன்” என்று ஸ்டெல்லா டப்பாவைத் திறந்தார். மோசஸ் சிரித்தார். திங்கட்கிழமை முதல் ஒரகடம் தொழிற்சாலை கேன்டீனில் அவர் சாம்பார் வைக்க வேண்டும். உள்ளே போய், அணைந்த அடுப்பின் ஒவ்வொரு கம்பியையும் எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். நான் பையை எடுக்கும்போதும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் பேருந்து கிடைத்தது. கண்டக்டர் மூக்கைச் சுளித்து, “இன்னா துண்ட நீ?” என்றார். சட்டையில் வாசனை போகவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சின்ன காஞ்சிபுரத்தில் பழைய இரும்பு வியாபாரி ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். அவருடைய குட்டியானை லோடு வண்டி முதலில் போய் நின்றது அதே கடை வாசலில்.

“இத்தப் பார்றா, புதுசாட்டம் மின்னுது. இதுல எவனாச்சும் சமைச்சானா?” என்றார் கம்பியடுப்பைத் தட்டி.

“சமைச்சாருண்ணா” என்று சொல்லி மறுமுனையைத் தூக்கினேன்.