பின் சீட்டு மயக்கம்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாந்தோமில் மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ரெண்டு சுழி ன எங்கே வரும், மூணு சுழி ண எங்கே வரும் என்று இன்றைக்கும் தடுமாற்றம்தான். ஸ்பானர் பிடித்துக் காய்த்த விரலில் பேனா நிற்பதில்லை. பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் ஒரு மோட்டார் ஷெட்டில் நான் மெக்கானிக். வாய் பேசக் கூச்சப்படுகிறவனுக்கு ஏற்ற வேலை. வண்டிக்கு அடியில் படுத்துவிட்டால் யாரும் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின மார்கழியில் தியாகராய நகரிலிருந்து ஒரு கார் வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒருவருடையது. பழைய வண்டி. மேலே கித்தான் கூரை, பக்கங்களில் இழுத்துக் கட்டுகிற கித்தான் திரை. ஓட்டி வந்த டிரைவர் சைதாப்பேட்டைக்காரர், எனக்குப் பழக்கமானவர். இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"நைனா, இந்த சத்தத்த இன்னான்னு பாரு. நான் தெருமுனைல திரும்பசொல்லவே வூட்ல காபி கலந்துர்றாங்க. ஐயா மானம் போவுதுன்றாரு."

சைலன்சர் ஓட்டை என்று கேட்டவுடனேயே தெரிந்தது. எங்கே ஓட்டை என்பதுதான் கேள்வி. அடியில் போய்ப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் துரு இருந்ததே தவிர ஓட்டை இல்லை. டிரைவரை இஞ்சினைக் கிளப்பச் சொல்லிவிட்டு, ஒரு ஈரச் சாக்கைச் சுருட்டி வால் குழாயின் வாயில் அழுத்தினேன். புகைக்கு வெளியே போக வழி இல்லாவிட்டால் அது வேறு வழி தேடும்; தேடுகிற இடத்தில் சீறும். சீறல் மேலேயிருந்து வந்தது. சைலன்சரின் முதுகில், கண்ணுக்கு எட்டாத இடத்தில். சூடு ஆறியதும் கையை விட்டுத் தடவினேன். கட்டைவிரல் உள்ளே போகிற அளவு ஓட்டை.

கடைக்கும் வீட்டுக்கும் கோயிலுக்குமாகச் சின்னச் சின்ன ஓட்டம் ஓடுகிற வண்டிகளுக்கு இது வரும். குழாய் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். உள்ளே தங்குகிற ஈரம் உள்ளிருந்தே தின்னும்.

ஓட்டைக்கு நேர் மேலே பின் சீட்டு. சீட்டடியில் விரித்திருந்த ஜமுக்காளத்தைத் தூக்கினேன். தரைப் பலகைகளின் இடுக்கு நெடுகக் கரி படிந்து கறுப்புக் கோடு. புகை அதன் வழியே உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

"பின்னால யாரு குந்துவாங்க?" என்று கேட்டேன்.

"பொம்பளைங்கதான். வெள்ளிக்கெழமைன்னா பெரியம்மாவும் சின்னம்மாவும் வடபழனிக்கு. திரைய இஸ்து கட்டிக்கினு போவாங்க. ஐயா கடைக்குப் போகசொல்ல எங்கூட முன்னால குந்திக்குவாரு."

பெரியம்மா என்பது ஐயாவின் தாயார். சின்னம்மா என்பது மனைவி.

"யாருக்காவது தலை சுத்துது கிலை சுத்துதுன்னு சொன்னாங்களா?"

டிரைவர் சிரித்தார். "அத்த ஏன் கேக்கற! பெரியம்மாவுக்குப் பித்தம். கோயில்லேருந்து திரும்பசொல்ல இஞ்சி மொரப்பா வாங்கியாந்து குடுக்கணும். சின்னம்மாவுக்கு மசக்க. வண்டில ஏறினா மயக்கம், எறங்கினா வாந்தி. கல்யாணமாயி எத்தினியோ வருசம் கயிச்சி இப்பதான் உண்டாயிருக்காங்க. வூடே ஒரே சந்தோசமா கீது."

நான் ஜமுக்காளத்தை விரித்துப் போட்டேன். ஒரே சீட்டு, ஒரே புகை. மாமியாருக்கு வந்தால் பித்தம், மருமகளுக்கு வந்தால் மசக்கை. ஆனால் பெண்கள் விஷயத்தில் எனக்கு என்ன தெரியும்? மசக்கையும் உண்மையாக இருக்கலாம். "புகை மேல ஏறுது. ஓட்டைய அடைக்கிற வரைக்கும் திரைய கட்டிக்கினு பொம்பளைங்கள ஏத்தாதே. வூட்ல சொல்லிடு" என்று மட்டும் சொன்னேன்.

பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்து கொடுத்த காலம். ஷெட்டுக்கும் வீட்டுக்கும் வண்டியை அலையவிட ஐயா விரும்பவில்லை. மறுநாள் என்னையே வீட்டுக்கு வரச் சொன்னார். வீட்டுப் பக்கத்தில் ஓலை வேய்ந்த கொட்டகையில் வண்டி நின்றது. டிரைவர் கடைக்குப் போயிருந்தார். நான் அடியில் படுத்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, ஊறுவதற்காகக் காத்திருந்தேன்.

இரண்டு கால்கள் வந்து நின்றன. மெட்டி போட்ட கால்கள். ஒரு செம்பைக் கீழே வைத்தார்.

"மோர் இருக்கு, அண்ணாச்சி."

"சரிங்கம்மா" என்றேன். வெளியே வரவில்லை. கால்கள் போகவும் இல்லை.

"புகை மேல வருதுன்னு டிரைவர் சொன்னாரு. எங்கிட்டதான் சொன்னாரு, அத்தை பூசையில இருந்தாக. அது தலை சுத்துமா?"

"சுத்தும்மா. வாந்தி கூட வரும்."

வண்டியிடம் சொல்கிற மாதிரி மெல்லப் பேசினார்.

"நாள் தள்ளித்தான் போயிருக்கு. ஆனா எனக்கு அது எப்பவும் ஒழுங்கில்ல. கார்த்திகையில பெட்ரோல் இல்லாம வண்டி நின்னுதுல்லா, அப்ப ஒரு மயக்கமும் வரல. இது மசக்கை இல்லன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

நான் போல்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டேன்.

"ஊர்ல அவுகளுக்கு ரெண்டாந்தாரமா ஒரு பொண்ணு பாத்து வச்சிருந்தாக. எனக்கு மயக்கம் வந்ததுக்குப் பெறகுதான் அத்தை அந்தப் பேச்ச நிறுத்தியிருக்காக. சித்திரை வரைக்கும் நின்னா போதும். அந்தப் பொண்ணு வீட்டுல அதுக்கு மேல காத்திருக்க மாட்டாக." கால்கள் ஒரு அடி கிட்டே வந்தன. "அண்ணாச்சி, சத்தம் மட்டும் நிக்கிற மாதிரி செஞ்சுட்டு, புகைய அப்படியே விட்டுர முடியுமா?"

அப்படி ஒரு வேலையை அதற்கு முன்னும் பின்னும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. படுத்தபடியே யோசித்தேன். சண்டைக் காலத்தில் ஒரு லாரி கிளீனர் மழைக்குப் பயந்து எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு, இஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினான். காலையில் எழுந்திருக்கவில்லை. நாங்கள்தான் தூக்கினோம். லாரியிலும் இதே மாதிரி ஓட்டைதான்.

"முடியாதும்மா" என்றேன். "சத்தமும் புகையும் ஒரே ஓட்டைதான். ஒண்ண அடைச்சா ரெண்டும் நின்னுடும். வுட்டா ஆளையே தூங்க வெச்சிடும். ஒருத்தன் செத்தத நான் பாத்திருக்கேன்."

"அத்தையும்லா கூட உக்காருதாக" என்றார். அவருக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு, "அப்ப செய்யுங்க" என்றார்.

கால்கள் போய்விட்டன. நான் வெளியே வந்திருந்தால் அவர் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்.

சைலன்சரைக் கழற்றி எடுத்துப்போனேன். புதுசு கிடைக்காத நாட்கள். துருப்பிடித்த பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தேன். மறுநாள் பிற்பகல் கொண்டுவந்து மாட்டினேன். இணைப்புகளுக்கு அஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றி இறுக்கினேன். மறுபடியும் ஈரச் சாக்கை வைத்து அழுத்தினேன். எங்கும் சீறவில்லை, இஞ்சின் திணறி நின்றது. அப்படி நின்றால்தான் வேலை சுத்தம். பலகை இடுக்குகளில் தார் பூசிக்கொண்டிருந்தபோது ஐயா கொட்டகைக்கு வந்தார். சின்னம்மாவும் பின்னால் வந்து, தூண் ஓரமாக நின்றார்.

"என்னப்பா, எங்க ஓட்டை இருந்துச்சு?"

நான் சின்னம்மா பக்கம் பார்க்கவில்லை. "மேல்பக்கமா இருந்துச்சுங்க. துரு." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"எதுக்குத் தரையில தார் பூசுத?"

நான் தார்ச் சட்டியைக் கிட்டே இழுத்துக்கொண்டேன். சின்னம்மா பேசினார்.

"புகை இதுவழியா வருமாம். அத்தைக்குப் பித்தம் பித்தம்னு சொல்லுதாகல்லா, அது பித்தம் இல்லையாம். இந்தப் புகையாம்."

"அம்மைக்கா?" என்றார் ஐயா. குனிந்து, மடித்துப் போட்டிருந்த ஜமுக்காளத்தின் அடியைப் பார்த்தார். கறுப்புக் கோட்டில் விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கறுப்பாயிற்று. கோடு சீட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போயிருந்தது. அவர் விரல் அம்மா உட்காருகிற இடத்தில் ஆரம்பித்து, மனைவி உட்காருகிற இடத்தில் வந்து நின்றது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சின்னம்மா தலையைக் குனியவில்லை. நான் தார்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏய்யா," என்று ஐயா என்னிடம் சொன்னார், "வீட்டுல யாரும் கேட்டா சத்தம் நின்னுதுன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாண்டாம். டிரைவர்கிட்டயும்தான்."

"சரிங்க" என்றேன்.

ரெண்டு மூணு வாரம் கழித்து டிரைவர் வண்டியோடு ஷெட்டுக்கு வந்தார்.

"இன்னா நைனா வேல பண்ணிக்கிற நீ? பெரியம்மாவுக்குப் பித்தம் தெளிஞ்சிபோச்சி. மொரப்பாவே கேக்கறதில்ல. ஆனா சின்னம்மாவுக்கு இன்னும் மயக்கம் வுடல. ஐயா இப்பல்லாம் வெள்ளிக்கெழமையானா கடைக்கு மட்டம் போட்டுட்டு, பின்னால அவங்க தலைய புட்சிக்கினு குந்திக்கினு வர்றாரு. இன்னும் எங்கியோ ஓட்ட கீது, பாரு."

நான் அடியில் படுத்தேன். சாக்கை வைத்து அழுத்தினேன். இஞ்சின் உடனே நின்றது.

"ஓட்டை இல்ல" என்றேன்.

"அப்ப நெஜமாவே மசக்கதான்!" என்றார் டிரைவர்.

"அப்படித்தான் இருக்கும்" என்றேன், அடியிலிருந்தே.

மாசியில், ஊரில் ரெண்டாந்தாரமாகப் பார்த்து வைத்திருந்த அந்தப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். பங்குனியில், வயிற்றில் தங்கவில்லை என்று வீட்டில் சொன்னார்களாம். பெரியம்மா ரெண்டு நாள் அழுதாராம். மருமகளுக்குத் தன் கையாலேயே பத்தியச் சமையல் செய்து போட்டதாகவும், ஒரு தடவை தரித்தது இன்னொரு தடவை தரிக்காதா என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னதாகவும் டிரைவர் சொன்னார். இரண்டாந்தாரப் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இந்த வருஷம் நம் மாகாணத்தில் ஒரு மனைவி இருக்கும்போது இன்னொருத்தியைக் கட்டக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஷெட்டில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார். நான் கேட்டுக்கொண்டு பிரேக் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தக் கார் இப்போது இன்னொருவரிடம் இருக்கிறது. அந்த அம்மாவுக்குப் பிறகு குழந்தை பிறந்ததா என்று எனக்குத் தெரியாது. டிரைவரிடம் கேட்டால் சொல்லுவார். கேட்கவில்லை.

28-8-1949, ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த பிறகு எழுதியது.