லயத்துக்கு ஏறாத கார்

வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டும் பெட்ரோலும் கலந்த வாடை எங்கே அடித்தாலும், லுணுகலை நானா வாடகைக்கு ஓட்டிய "ஹயரிங் கார்" எனக்கு ஞாபகம் வந்துவிடும். லுணுகலை டவுனில் கடை வைத்திருந்த அந்த முஸ்லிம் மனிதரை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும், அண்ணன் என்ற அர்த்தத்தில், நானா என்றே கூப்பிட்டோம். காருக்கு அப்பாவைவிட வயது கூட. ஏறி உட்கார்ந்தால் குடல் வாய்க்கு வந்துவிடும், ஆனாலும் அதன் அடிப்பாகம் உயரம், எந்தக் கல்லிலும் தட்டாது.

தொண்ணூறுகளில் ஒரு காலை அம்மாவுக்குத் தம்பியைப் பெறும் வலி எடுத்தபோது தோட்டத்து லொறி பழுதாகிக் கிடந்ததால், அப்பா ஓடிப்போய் நானாவை அழைத்து வந்தார். தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த எங்கள் லயத்துக்குக் கீழேயுள்ள மேட்டில் கார் திணறி நின்றது. வேலைக்குப் பேர் கொடுக்கப் "பெரட்டு"க் களத்தில் நின்ற ஆண்களெல்லாம் அப்படியே ஓடி வந்தார்கள். "இன்னைக்குப் பேரும் சம்பளமும் போனாப் போகுது, தள்ளுங்கடா!" என்று கத்திய கங்காணியே, கார் பின்வாங்கினால் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். எங்கள் வாசலிலேயே அம்மாவை ஏற்றினார்கள். "ஒண்டும் பயப்பட வாணாம் தங்கச்சி" என்றார் நானா. பதுளை ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

இப்போது நான் கொழும்பில் வைத்திருப்பது புது செடான் கார். ஏசி உண்டு, பின்னால் பார்க்கக் கமரா உண்டு, பெல்ட் போடாவிட்டால் கத்தித் தொலைக்கும். நல்ல கார்தான், குறை சொல்லக்கூடாது. சென்ற மழைக்காலத்தில் லீவுக்குப் போனபோது அதே மேட்டின் அடியில் அதன் வயிறு கல்லில் தட்டவே, அங்கேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறினேன். மறுநாள் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆளுக்கு எங்கே போவது? அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தம்பி கட்டாரில், லயத்து இளந்தாரிகளெல்லாம் என்னைப்போலக் கொழும்பில். நானும் வேலையிலிருந்து நின்றுவிட்ட இரண்டு கிழவர்களுமாக அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்கினோம். நடுவழியில் அவர்களுக்கு இரைத்த இரைப்பைப் பார்த்து, யாரை முதலில் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதென்றே எனக்குப் பயமாகிவிட்டது.

அம்மா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய இனிமே மேல கொண்டு போகாதப்பா. தூக்க ஆளில்லாத எடத்துல இருந்து என்னா செய்ய?"

இப்போது கொழும்பில், நாலாம் மாடியில், என்னோடு இருக்கிறார். லயத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒருதரம் ஊருக்குப் போய் வருவோமா என்று ஆரம்பத்தில் கேட்டுப் பார்த்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அலுத்துப்போய் நானும் இப்போது கேட்பதில்லை.