மூன்றாவது சீட்டு

வெர்லீனின் வேலை விசித்திரமானது. சட்டமன்ற உறுப்பினர்கள் பித்தானை அழுத்தி ஓட்டுப் போட்டு, மசோதா நிறைவேறிய பிறகு, சிலர் மெல்ல அவள் மேசைக்கு வருவார்கள். ‘என் ஓட்டை மாற்றிப் பதியவும்’ என்று சீட்டு நீட்டுவார்கள். மாலை ஐந்து மணிவரை வாங்கலாம். ஒரே விதி: ஓட்டு மாறலாம், முடிவு மாறக்கூடாது. ஊரில் நல்ல பிள்ளையாக நடமாட இதைவிட என்ன வசதி வேண்டும்!

இருபத்தாறு வருஷமாக இதே மேசை. ஜன்னலுக்கு வெளியே மக்னோலியா மரம், அதற்கப்பால் பழுப்பாக நகரும் ஆறு. அதைப் பார்த்தபடியே, தன் பழைய முடிவுகளையும் இப்படி மாற்றிப் பதிவதாக வெர்லீன் கனவில் மிதப்பாள். ரேமண்டைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததற்கு ஒரு சீட்டு; நர்ஸ் படிப்பை வேண்டாமென்றதற்கு ஒன்று. மேகத்துக்கு மேலே யாரோ ஒரு குமாஸ்தா முத்திரை குத்த, வாழ்க்கை சத்தமில்லாமல் வேறு பக்கம் திரும்பும்.

அந்தப் புதன்கிழமை அவளுக்குக் கனவு ஓடவில்லை. சிற்றூர் மருத்துவமனைகளை மூடும் மசோதா ஐம்பத்து நான்குக்கு நாற்பத்தொன்பது என்று நிறைவேறிவிட்டது. அவள் அக்கா ஓடெட்டுக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிப்பது அப்படியொரு மருத்துவமனையில்தான். அதற்குள் ‘ஆம்’ஐ ‘இல்லை’ என்று மாற்றச் சொல்லி இரண்டு சீட்டுகள் வந்தன, பதிந்தாள். ஐந்து மணிக்குச் சற்று முன்பு, அவளுடைய ஊர் உறுப்பினர் கிராடி பூத்ரோ சிரித்துக்கொண்டே வந்தார்.

“மிஸ் வெர்லீன், ஓடெட் அக்கா சௌக்கியமா? இந்தாங்க, என்னோட ‘ஆம்’ஐ ‘இல்லை’ன்னு மாத்திடுங்க.”

வெர்லீன் ஏட்டைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

“இதை வாங்க முடியாது சார்.”

“இப்பத்தானே ரெண்டு பேர்கிட்ட வாங்கினீங்க! நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?”

“அதனாலதான் சார். இப்ப அம்பத்திரண்டு, அம்பத்தொண்ணு. உங்களோடதையும் மாத்தினா மசோதா தோத்துடும்.”

கிராடியின் சிரிப்பு நின்றது.

“எப்படியும் ஜெயிச்சிடும், என் ஒருத்தன் ஓட்டால என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்.”

“அவங்க ரெண்டு பேரும் அதையேதான் சொன்னாங்க.”

கிராடி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். வெர்லீனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஏட்டை மூடும்போது ஓடெட் தொலைபேசியில் அழைத்தாள்.

“மூடறாங்களாமே? போகட்டும், நம்ம கிராடியாவது நம்ம பக்கம் போட்டிருப்பானே?”

“போட வந்தான்க்கா,” என்றாள் வெர்லீன். “சாயங்காலம் அஞ்சு மணிக்கு.”