நழுவும் முட்டிச் சில்லு

குழந்தையம்மாள் நடந்தால் முழங்கால் இரண்டும் உரசும். பிறவியிலேயே உட்பக்கம் வளைந்த கால்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்தாள். அறுபத்தி நாலாம் வருசம், துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வலது முட்டிச் சில்லு வெளிப்பக்கம் நழுவி முட்டை போலப் புடைத்து நின்றது. பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். அவளே காலை மெல்ல நீட்டினாள். 'டக்'கென்று சில்லு உள்ளே போனது.

அதன்பின் படி இறங்கும்போதெல்லாம் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே இறங்கினாள். பல்லடத்து வைத்தியரிடம் கட்டுப் போட்டும் நழுவுவது நிற்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் சில்லுக்குப் பக்கத்துத் தசையை இழுத்துத் தைத்தார்கள். நாலாம் மாதம் கோயிலில் கும்பிட்டு எழுந்தபோது மறுபடி நழுவியது.

அண்ணன் அப்புசாமி அவளைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனான். டாக்டர் ஈஸ்வரமூர்த்தி அவளைப் படுக்க வைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு நூலைப் பிடித்தார். நூல் சில்லைத் தொடாமல் வெளியே ஓடியது.

"கால் கோணலுங்க. தொடைச் சதை கோணலா இழுக்குது, சில்லு வெளிய போகுது. சில்லைத் தெச்சுப் பிரயோசனமில்லீங்க. தொடை எலும்பை வெட்டி நேராக்கோணும்."

"வெட்டின எலும்பு கூடலீன்னா?" என்று கேட்டான் அப்புசாமி.

"அப்படியும் ஆகறதுண்டுங்க," என்றார் டாக்டர், நூலைச் சுருட்டியபடி.

வெளியே வந்ததும் அப்புசாமி, "வேண்டாம் அம்மிணி, இருக்கறபடி இருந்துக்கலாம்," என்றான்.

"ஓடற மெசின் மேல விழுந்தாலும் இதையேதான் சொல்லுவீங்களாண்ணா?"

அவள் திரும்ப உள்ளே போய் ஆபரேசனுக்குக் கையெழுத்துப் போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் முத்தாத்தாள் என்றொருத்தி. அவளுக்கும் எலும்பைத்தான் வெட்டியிருந்தார்கள். கட்டுக்குள் சீழ் வைத்திருந்தது. எத்தனை டெட்டால் தெளித்தாலும் அந்தச் சீழ் வாடை போகவில்லை. குழந்தையம்மாளுக்கு ஆபரேசன் அன்று காலை அந்த மெத்தை சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. முத்தாத்தாள் எங்கே என்று கேட்டாள். நர்ஸ் சன்னலைத் திறந்துவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மாதம் இடுப்பு வரை மாவுக்கட்டு. உள்ளே ஏதோ ஊர்வது போலிருக்கும். ராத்திரியும் பகலும் மோந்து பார்த்துக்கொண்டே கிடந்தாள். வாடை வரவில்லை. கட்டை அறுத்தபோது கால் குச்சியாக இளைத்து, நேராக இருந்தது. மடக்கினாள். சில்லு நடுவிலேயே நின்றது. அவள் அழுதாள், டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார்.

கோலூன்றிப் பழகி, வேலைக்கும் திரும்பினாள். வலது கால் அப்புறம் ஒருநாளும் ஏமாற்றவில்லை.

அடுத்த ஆடியில், குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றியபோது இடது முழங்காலுக்குள் ஏதோ நகர்ந்தது. குடத்தை இறக்கிவிட்டுத் தொட்டுப் பார்த்தாள். சில்லு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

"அண்ணா," என்று கூப்பிட்டாள், குரலை உயர்த்தாமல். "கோயமுத்தூர் பஸ் எத்தனை மணிக்குங்க?"