உருக்கிவிட்டதாகச் சொன்ன மோதிரம்

காப்பீட்டு அலுவலகத்தில் நகை கிளெய்ம்களைப் பார்த்த மனிதருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் சேதாரம். எந்த நகையைக் கொண்டுவந்து வைத்தாலும், முகத்தைப் பார்க்காமல், ‘இதுல சேதாரம் எவ்வளவு?’ என்றுதான் ஆரம்பிப்பார். தன்னைக் கறாரான ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் உடம்பு வணங்காத சோம்பேறி. யாராவது அழுதால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அடுத்த ஆளுக்குக் கைகாட்டுவார். கண்ணீருக்குக் கேரட் கிடையாது என்று ஒருமுறை உளறிவிட்டு, அதைத் தானே மெச்சிக்கொண்டு வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

அவரிடம் ஒரு தையல்கார அம்மாள் வந்தாள். கிரேன் ஓட்டிய அவள் கணவர் விபத்தில் அடிபட்டபோது கை வீங்கிப்போய், மருத்துவமனையில் மோதிரத்தை வெட்டித்தான் கழற்றினார்கள். அவர் பிழைக்கவில்லை. மோதிரம் இரண்டு துண்டாக வீட்டுக்கு வந்தது. அதன் உள்பக்கம் அவர் ஆணியால் கீறிய ஒரு கோணல் எழுத்து இருந்தது. மனைவியைக் கூப்பிடும் செல்லப்பெயரின் முதல் எழுத்து. ஒட்டிக் கொடுத்தால் போதும் என்றாள். சேதாரம் தலையாட்டிவிட்டுத் துண்டுகளை உறைக்குள் போட்டுக்கொண்டார். பட்டறைக்கு அனுப்பி, பின்னாலேயே அலைந்து விசாரிப்பதெல்லாம் யார் செய்வது? முழு நஷ்டம் என்று எழுதி, புது மோதிரம் ஒன்றை வரவழைத்துவிட்டார்.

வாங்கிக்கொள்ள வந்தவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தாள்.

“சார், இது அவரு மோதிரம் இல்லையே.”

“அதைவிட எடை கூடும்மா. உனக்கு லாபந்தான்.”

“பழசையே குடுத்துருங்க சார். ஒட்டக்கூட வேணாம்.”

உறை அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் கிடந்தது. எழுந்து, சாவியைத் தேடி, உறைகளைக் கிளற வேண்டும். சாப்பாட்டு நேரம் வேறு.

“அதை உருக்கியாச்சும்மா,” என்றார்.

அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்து, புது மோதிரத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். சேதாரம் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

பக்கத்து மேஜை டைப்பிஸ்ட் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர் லீவு போட்டதும் மேனேஜரிடம் சொல்லி அலமாரியைத் திறக்க வைத்தாள். உறை எல்லாவற்றுக்கும் மேலேயே இருந்தது. அதைத் தானே தையல் கடைக்குக் கொண்டுபோனாள்.

அம்மாள் துண்டுகளை உள்ளங்கையில் வைத்து, அந்தக் கீறலை விரலால் தடவினாள்.

“உருக்கலையா?”

“இல்லக்கா. அந்தாளு பொய் சொல்லிட்டாரு.”

“எதுக்கு?”

எழுந்திருக்கச் சோம்பல்பட்டுத்தான் என்று சொல்ல அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவர் அந்நேரம் வீட்டில் கவிழ்ந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அலுவலகச் செலவிலேயே மோதிரம் ஒட்டப்பட்டது. ஒட்டிய இடம் தடித்துத் தெரிந்தது. அம்மாளின் விரலுக்கு அது பெரிது. நூலைச் சுற்றி இறுக்கிப் போட்டுக்கொண்டாள்.

சேதாரத்துக்கு அப்போதும் தலை குனியவில்லை. தன் அலமாரியில் கைவைத்தது யார் என்று கூச்சல் போட்டார். மேனேஜர் அவரை வாகன கிளெய்முக்கு மாற்றினார். அன்று வீட்டுக்குப் போய், நேர்மையாக இருப்பவனுக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை என்று மனைவியிடம் புலம்பினார். அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கை அணைத்தாள்.