சாயத் தொட்டித் தகட்டில் ஓர் இட்லிப் பெட்டி

அக்கா எட்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தவள். தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, நிற வித்தியாசம் பார்த்து ஒதுக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு லாட்டில் ஓட்டையைத் தவறவிட்டாள். கண் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு போய் நின்றாள், அப்போதும் சேர்க்கவில்லை. அருள்புரத்தில் கம்பெனிகள் இருக்கிற தெருவில் காலை நேர இட்லிக் கடை போடுவது என்று முடிவு செய்தாள்.

நான் அப்போது தாராபுரம் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் இருந்தேன். அதற்கு முன் வேறு எங்கோ. இட்லி அவிக்கிற பெட்டியை நானே செய்து தருகிறேன் என்று போனில் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்பைக்கூட நான் முழுதாகப் படிக்கவில்லை.

பல்லடம் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில் தகடு கிடைத்தது. நல்ல கனம். கடைக்காரர் என் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்தார்.

"வெச்சுப் பாருங்க தம்பி. ஒட்டுச்சுன்னா இங்கயே போட்டுட்டுப் போயிருங்க."

ஒட்டவில்லை. நல்ல எவர்சில்வர்தான். மூடிப்போன சாயப்பட்டறையின் வின்ச் தொட்டியை வெட்டியது என்றார். கொதிக்கிற சாயத் தண்ணீரில் துணி சுற்றிக்கொண்டே இருக்கும் தொட்டி அது. நானும் ஒரு பட்டறையில் ஆறு மாதம் வின்ச்சில் நின்றிருக்கிறேன். நேவி ப்ளூ ஓடினால் நகத்துக்கு அடியில் இரண்டு வாரம் நீலம் நிற்கும். அக்காவிடம் எவர்சில்வர் என்று மட்டும் சொன்னேன்.

தகட்டைச் சோடா போட்டுக் கழுவினேன். பளபளவென்று இருந்தது. வெல்டிங் பட்டறைக்காரர் அதை வெட்டி, பெட்டியாக மடித்து, மூலைகளில் ஆர்கான் வெல்டிங் பற்று வைத்தார். வைத்த இடம் ஆறியதும் பார்த்தேன். பற்றின் ஓரம் முழுக்கத் தங்க நிறம், அதையொட்டி ஊதா, அதற்கு வெளியே நீலம். எனக்குத் தெரிந்த நீலம்.

"இது என்னங்க நிறம்?"

"சூட்டு நிறமுங்க. எவர்சில்வருக்கு வருமுங்க."

"புதுத் தகட்டுக்கும் வருமா?"

"புதுசுக்கும் வரும், பழசுக்கும் வரும். எடுத்துட்டுப் போங்க, அடுத்த வேலை கெடக்குது."

ஒழுகுமா என்று கேட்டதற்கு ஒழுகாதுங்க என்றும் இவர்தான் சொன்னார். ஒரு மூலை ஒழுகி, மறுபடி வைத்தார். அதனால் எதை நம்புவது என்று தெரியவில்லை.

அக்கா வீட்டில் ஒரு மத்தியானம் முழுக்க உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். உள்ளே இருந்த நிறம் போய்விட்டது. ஈரம் காயட்டும் என்று வெறும் பெட்டியை அடுப்பில் வைத்து மறந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அடியில் தங்க நிறம் பரவி, நடுவில் உள்ளங்கை அளவு நீலம். தகடு எப்போதோ குடித்ததைக் கக்குவது மாதிரி இருந்தது.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"என்னல இது? இந்தத் தகரம் எங்க வாங்குன?"

"பழைய இரும்புக் கடையில."

"அவனுக்கு எங்கருந்து வந்துச்சு?"

சொன்னேன்.

"ஊருக்கே சட்டைக்குச் சாயம் போட்டாச்சு. மிச்சம் இருக்கது குடலு. அதுக்கும் போட்டுரலாம்ங்கியா?"

"காந்தம் ஒட்டலக்கா. நல்ல எவர்சில்வரு."

"காந்தத்துக்கு எவர்சில்வரு தெரியும். சாயம் தெரியுமால?"

திங்கட்கிழமை கடை என்று பழைய கம்பெனிப் பெண்கள் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். ஒருத்திக்கு வயிறு வலித்தாலும் அந்தத் தெருவில் அப்புறம் யாரும் அவளிடம் வாங்க மாட்டார்கள். வேறு பிழைப்பும் அவளுக்கு இல்லை.

சாயம் எவர்சில்வரில் ஊறுமா? நகத்தில் ஊறியது. ஆனால் வின்ச்சில் சாயத் தண்ணீரைத் திறந்து வெளியே விட்டால் தொட்டி எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதுவும் எனக்கு நினைவிருந்தது. அப்படியானால் இந்த நீலம் எங்கிருந்து வருகிறது? ஊறும், ஊறாது என்று மாறி மாறி யோசித்தும் எதுவும் முடிவுக்கு வரவில்லை.

கடைசியில் சாயப்பட்டறையில் செய்வதையே செய்தேன். சாயம் விடுகிறதா என்று பார்க்க வெள்ளைத் துணியோடு வேகவைப்போம். வீடு துடைக்க வைத்திருந்த வெள்ளை பனியன் வேஸ்ட் துணியில் புதிதாக ஒன்றை எடுத்து இரண்டாகக் கிழித்தேன். ஒரு பாதியைப் பெட்டியில் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். சாயம் இருந்தால் துணியில் ஏறட்டும் என்று உப்பும் சோடாவும்கூடப் போட்டேன்.

காய்ந்த பிறகு இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒன்று கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. திருப்பிப் பிடித்தால் மற்றது. நாலு தடவை கை மாற்றியதில் எது பெட்டியில் கிடந்தது என்பதே மறந்துவிட்டது.

அக்கா இரண்டையும் வாங்கினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, துணியைச் சாய்த்து, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒரே வெள்ளை. பாஸ்."

அவள் கழற்றி வைத்த கண்ணாடியைப் பார்த்தேன். நான் நினைத்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ஓட்டையத்தாம்ல விட்டேன். கலர்ல என்னைய ஒருத்தனும் குறை சொன்னதில்ல."

திங்கட்கிழமை முதல் ஈட்டில் நாலு இட்லியை நின்றுகொண்டே அவள்தான் தின்றாள். பிறகு எனக்கு நாலு வைத்தாள். அதன் பிறகுதான் வியாபாரம்.

அன்று மாலையே கிளம்புவதாக இருந்தேன். போகவில்லை. ஒன்பது நாள் தட்டுக் கழுவிக்கொண்டு, நேற்று தின்றவர்கள் இன்று வருகிறார்களா என்று முகம் முகமாகப் பார்த்தேன். வந்தார்கள். ஒரு டெய்லர் பெட்டியின் ஓரத்தைக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க அக்கா, பெட்டிக்கும் டையிங் போட்டுட்டீங்களா?"

"ஆமா. கலர் போவாது, பயப்படாமச் சாப்பிடுங்க."

பத்தாம் நாள் தாராபுரம் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த இரண்டு துணித் துண்டுகளையும் பையிலிருந்து எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எது வெந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.