கேரியரோடு வந்த பயணி

முதல் தடவை இரத்தத்தைப் பார்த்தபோது மூலம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. டன்லப் தெருவில் கீழே கடையும் மேலே அறைகளுமாக நாங்கள் ஒண்டியிருந்த கடைவீட்டில் நான்கு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கக்கூஸ். காலையில் வெளியே நிற்பவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிற இடமா அது?

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. பஸ் கண்டக்டர் வேலை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

இரண்டே வாரத்தில் நாளுக்குப் பத்துத் தடவை என்றாகிவிட்டது. வயிறு முறுக்கும், ஓட வேண்டும், ஓடினால் சீதமும் இரத்தமும்தான். உடம்புச் சூடு என்றார்கள் அக்கம்பக்கத்தார். மோர் குடி, வெந்தயத்தைத் தயிரில் ஊறப்போடு, மாதுளைத் தோலை அரைத்துக் குடி என்று ஆளுக்கொரு வைத்தியம். மோர் என்னைப் படுக்கவே வைத்துவிட்டது.

அரசாங்க மருத்துவமனையில் முதலில் சீதபேதி என்று ஊசி போட்டார்கள். நிற்கவில்லை. பிறகு ஆசனவாய் வழியாக விளக்கு வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். அந்த வேதனையை இங்கே எழுதப்போவதில்லை. அல்சரேடிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி இரத்தம் கசியும் நோய்) என்றார் டாக்டர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இது முழுசா மாறும் எண்டு நான் சொல்லமாட்டன். அடக்கி வச்சிருக்கலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கோ. நல்லாச் சாப்பிடுங்கோ."

மிளகாய், பால், கீரை, பயறு, கருவாடு எல்லாம் கூடாது. குழைந்த சோறு, அவித்த மீன், அவித்த முட்டை, தோல் நீக்கிய உருளைக்கிழங்கு ஆகும். என் மனைவி பாக்கியம் எனக்கென்று தனிப்பானை வைத்தாள். விடியுமுன் எழுந்து சோற்றைக் குழைய வேகவைத்து, மீனில் முள் எடுத்து, மூன்றடுக்குக் கேரியரில் கட்டித் தருவாள்.

இந்த நோயோடு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வந்தது, அதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தைத்தான்.

எங்கள் பஸ் கேலாங் கடைசி நிறுத்தத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் கண்டக்டர் இறங்க முடியாது. நோய் இருப்பது கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன். ஆகவே ஒரு கணக்குப் போட்டேன்: உள்ளே எதுவும் போகாவிட்டால் வெளியே எதுவும் வராது. காலையிலிருந்து வீடு திரும்பும்வரை சோறும் இல்லை, தண்ணீரும் இல்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினேன்.

கேரியர் சாப்பாடு எங்கள் பஸ் டிரைவர் அந்தோணி அண்ணனுக்குப் போயிற்று. வீட்டில் காலையிலேயே வயிறு முட்டப் போட்டுவிடுகிறார்கள் என்று அவரிடம் சொல்லியிருந்தேன்.

"உங்க வீட்டுல உப்பு வாங்குறதே இல்லையா தம்பி?" என்று கேட்டபடியே அவர் மூன்று அடுக்கையும் காலி செய்வார். அதைக் குழாயடியில் கழுவி எடுத்துப் போவேன். சாயங்காலம் வீட்டில் பேய்ப்பசியோடு அள்ளித் தின்பேன். இரவெல்லாம் வயிறு பழிவாங்கும். பார்த்தாயா, சோறுதான் எதிரி என்று மறுநாள் இன்னும் இறுக்கமாகப் பட்டினி கிடப்பேன்.

காக்கிச் சட்டை தொளதொளத்தது. எடை இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் பாக்கியத்தைக் கூட்டி வரச் சொன்னார்.

"இவருக்கு என்ன குடுக்கிறீங்கள்?"

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சோறு எவ்வளவு, மீன் எத்தனை துண்டு, முட்டை எத்தனை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இவங்க சாப்பிடுறதில்ல டாக்டர்," என்றாள் பாக்கியம். "வீட்டுல தண்ணி குடிச்ச டம்ளரக்கூட எடுத்து வைக்க மாட்டாங்க. கேரியர் மட்டும் பளபளன்னு கழுவி வருது. ரொம்ப நாளாவே எனக்குச் சந்தேகம்."

டாக்டர் கோபப்படவில்லை. ஆறு வாரம் தருவதாகச் சொன்னார். அதற்குள் எடை ஏறாவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு துளை வைத்து, மலத்துக்குப் பை மாட்ட வேண்டும். இந்த மெலிவில் அந்த அறுவையை நான் தாங்குவேனா என்பதையும் அவரால் சொல்ல முடியவில்லை.

வீடு வந்து சேர்ந்தோம். அடுப்பை மூட்டும்போது அவள் சொன்னாள்: "நாளையிலேருந்து மத்தியானம் நான் பஸ்ல வரேன். என் கண்ணு முன்னால சாப்பிடுங்க."

கண்டக்டரின் சொந்தக்காரர் பஸ்ஸில் ஏறினாலே ஓசிப் பயணமோ என்று டிக்கெட் சோதிக்கும் செக்கர்கள் சந்தேகப்படுவார்கள். அதனால் தெரியாதவர்கள் போல் இருந்தோம். கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவள் காசை நீட்டுவாள். என் சொந்த மனைவிக்கு நான் டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன். முதல் நாள் கேலாங்கில் அவள் கேரியரைப் பிரித்ததும் அந்தோணி அண்ணனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "அடப்பாவி, நோயாளி சோத்தையா இவ்வளவு நாள் தின்னேன்? சாப்பிடு லா தம்பி."

அன்று நான்கு கவளம்தான் இறங்கியது. திரும்பி வரும்போது ஒவ்வொரு நிறுத்தமாக எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் ஆறு கவளம். இரண்டு வாரத்தில் ஒரு அடுக்கு முழுதாகக் காலியானது.

மூன்றாவது வாரம் ஒருநாள், சாப்பிட்டுத் திரும்பும் வழியில் செக்கர் ஏறினார். ஊர், உறவு எதுவும் பார்க்காத மனிதர். முன்னாலிருந்து டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். பின்படியருகே நின்ற எனக்கு வயிறு முறுக்கியது. கம்பியைப் பிடித்தேன். வேர்த்துக் கொட்டியது. இன்னும் ஐந்து நிறுத்தம் இருந்தது. ஒரு நிமிஷம்கூடத் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பாக்கியம் என் முகத்தைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அண்ணே, வண்டிய நிறுத்துங்க. எனக்கு வயித்தால போகுது. முடியல."

பஸ் முழுக்கக் கேட்டது. கடைவீட்டில் ஆண்கள் யாராவது நின்றால் கக்கூஸ் பக்கம் போகவே கூசுகிறவள் அவள். யாரோ சிரித்தார்கள். அந்தோணி அண்ணன் ஒரு கோப்பிக் கடை எதிரில் நிறுத்தினார். "அந்தம்மாவப் பிடிச்சு எறக்கி விடுய்யா," என்றார் செக்கர்.

கையைப் பிடித்து இறக்கினேன். "ஓடுங்க," என்றாள் மெதுவாக.

ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் இன்னும் கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க, வயிற்றைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். செக்கரும் இறங்கி வந்து நின்றிருந்தார். ஓடியது யார் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

"யாருய்யா இவங்க?"

"என் சம்சாரம் சார்."

"இவங்களுக்கா வயிறு சரியில்ல?"

ஆமாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இல்ல சார். எனக்குத்தான். ஒரு வருஷமாகுது."

சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. காக்கிச் சட்டையோடு நடுத்தெருவில் நின்று அழுதேன். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். வேலை போனது என்றே நினைத்தேன். போகவில்லை. டிப்போவில் டிக்கெட் கட்டு கொடுக்கும் மேசைக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைந்தது. கக்கூஸ் பத்தடி தூரத்தில் இருந்தது.

ஆறு வாரம் முடிந்து தராசில் ஏறினேன். ஐந்து இராத்தல் கூடியிருந்தது. டாக்டர் எதிர்பார்த்தது அதைவிட அதிகம்.

"உண்மையாச் சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார். என் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை என்பதால் பாக்கியத்தைப் பார்த்தேன்.

"சாப்பிட்டாங்க. நான் பாத்தேன்."

"சரி. வெட்டுறதை இப்போதைக்கு விடுவம்."

அந்த "இப்போதைக்கு" ஆறு வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் இரண்டு தடவை நோய் மூர்க்கமாகத் திரும்பியது, மாத்திரையைக் கூட்டினார்கள், தணிந்தது. நாளையைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. உடம்பு என்னும் இந்தச் சங்கதி எனக்குத் தெரியாமலே முடிவெடுக்கிறது என்று ஒப்புக்கொண்டுவிட்டேன். என் பொழுது அடுத்த சாப்பாடுவரைதான், அது போதுமானதாகவும் இருக்கிறது.

இன்று எத்தனை தடவை என்று பாக்கியம் தினமும் சாயங்காலம் கேட்பாள். நேற்று ஏழு, இரத்தமும் இருந்தது. அதை அப்படியே சொன்னேன். அவள் சோற்றை இன்னும் கொஞ்சம் குழைய விட்டாள். பயத்தோடுதான் உட்கார்ந்தேன், சாப்பிட்டேன்.